மிதிவண்டியில் சென்றவர் யார்? ஹூக்ளிக் கரையிலிருந்து ஒரு வரலாற்றுக் கேள்வி

1926ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்திலிருந்து நான்கு வங்காள இளைஞர்கள் மிதிவண்டியில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். பிமல் முகர்ஜி, அசோக் முகர்ஜி, ஆனந்த முகர்ஜி, மணீந்திர கோஷ் என்போர் அவர்கள். இறுதிவரை பயணத்தைத் தொடர்ந்து 1937இல் ஊர் திரும்பியவர் பிமல் முகர்ஜி. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1986இல், அவருடைய பயண நூல் வங்க மொழியில் வெளிவந்தது. ‘இரு சக்கரங்களில் உலகம்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

அவர் திரும்பி வந்த 76 ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல், அதே நகரத்தின் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. 2008இல் சில சாலைகளில் தொடங்கிய கட்டுப்பாடு அவ்வளவு தூரம் விரிந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர் அந்த எண்ணிக்கை 62 ஆகக் குறைக்கப்பட்டது. உலகைச் சுற்ற மிதிவண்டியில் ஆள் அனுப்பிய நகரம், பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் அதே வண்டியில் தன் பெருஞ்சாலையைக் கடக்கக் கூடாது என்றது. இவ்விரு நிகழ்வுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எழும் கேள்வியே இக்கட்டுரையின் பொருள். மிதிவண்டிப் பயணத்தின் வரலாறு என்று நாம் படிப்பது யாருடைய வரலாறு?

1. வண்டி வந்த வழி

இந்தியாவை மிதிவண்டியில் கண்டு எழுதிய முற்காலத்தவருள் முக்கியமானவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட அவர், முன்சக்கரம் ஆளுயரத்துக்கு நெருங்கிய பழைய வகை வண்டியில் பயணம் செய்தார். ஆப்கானிஸ்தான் வழி மறுக்கப்பட்டதால் கடல் வழியே கராச்சிக்கு வந்து, 1886இல் பஞ்சாபிலிருந்து கிராண்ட் டிரங்க் சாலை வழியாகக் கல்கத்தா வரை மிதித்தார். அடுத்து 1896இல் லண்டனிலிருந்து கிளம்பிய ஜான் ஃபாஸ்டர் ஃப்ரேசரும் அவருடைய இரு நண்பர்களும் 774 நாள்களில் 19,237 மைல்களைக் கடந்தனர். அவர்கள் வழியிலும் இந்தியா இருந்தது.

ஆயினும் ‘வரலாற்று நகரங்களைக் காண மிதிவண்டியில் செல்லுதல்’ என்னும் பொருளுக்கு மிக நெருங்கியவர்கள் அமெரிக்கத் தம்பதியரான ஃபேனி புல்லக் வொர்க்மனும் வில்லியம் ஹன்டர் வொர்க்மனும்தாம். 1897ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் தொடங்கி, கன்னியாகுமரி முதல் இமயமலை வரை நீண்ட பயணத்தை அவர்கள் மேற்கொண்டனர். 1904இல் வெளிவந்த அவர்களது நூல் பதினான்காயிரம் மைல் பயணம் என்று தலைப்பிலேயே சொல்லிக்கொள்கிறது. ஏராளமான ஒளிப்படங்கள் கொண்ட அந்நூலின் மைய நாட்டம் கோயில்களிலும் கட்டடக் கலையிலும் உள்ளது.

அந்நூலை இன்று படிப்பவர் இரண்டு செய்திகளை ஒருங்கே ஏற்க வேண்டியிருக்கிறது. நீண்ட பாவாடை அணிந்து இந்தியச் சமவெளியை மிதிவண்டியில் கடந்த ஃபேனி வொர்க்மன், பெண்களின் வாக்குரிமைக்காக நின்றவர். 1912இல் காரகோரம் மலைப்பகுதியில் அந்தக் கோரிக்கை எழுதிய தாளைக் கையில் ஏந்தி எடுத்துக்கொண்ட படம் புகழ்பெற்றது. பெண் தன் விருப்பப்படி பயணம் செய்யலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று. இது முதற்செய்தி. சிற்பத்தைப் பற்றி எழுதும்போது பொறுமையும் நுட்பமும் காட்டும் அந்த எழுத்து, பணியாளரையும் சுமை தூக்குவோரையும் பற்றி எழுதும்போது எரிச்சல் கொள்கிறது. இது இரண்டாவது. கல்லுக்குக் கிடைத்த கவனம் மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பயணம் செய்த காலம், 1896–97 பஞ்சத்துக்கும் 1899–1900 பஞ்சத்துக்கும் நடுவிலும் அவற்றை ஒட்டியும் அமைந்தது. பம்பாயில் 1896இல் கண்ட பிளேக் நோய் 1898இல் கல்கத்தாவை எட்டியிருந்தது. மிதிப்பதற்கு இதமான சமவெளி, அங்கே வாழ்ந்தவர்களுக்கு இதமாக இருந்த காலம் அன்று அது.

2. சுதேசியும் இறக்குமதிச் சக்கரமும்

கல்கத்தாவில் மிதிவண்டி வெள்ளையர் கையிலிருந்து வங்காள மேல்தட்டுக்கு மாறிய கதையில் ஹேமேந்திரமோகன் போஸுக்குத் தனியிடம் உண்டு. குந்தலீன் என்னும் கூந்தல் தைலத்தால் பெயர் பெற்ற வணிகர் அவர். 1896இல் அவர் ஏற்படுத்திய குந்தலீன் பரிசு, முதலாண்டிலேயே ஜகதீச சந்திர போஸ் எழுதிய அறிவியல் கற்பனைக் கதைக்குச் சென்றது. மிதிவண்டிக் கடை நடத்திய அவர்தாம் ஜகதீச சந்திர போஸுக்கும் பிரபுல்ல சந்திர ராய்க்கும் மருத்துவர் நீலரத்தன் சர்க்காருக்கும் வண்டி ஓட்டக் கற்றுத் தந்தவர் என்பது வங்காளத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் செய்தி.

1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தது. 1906இல் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. இன்றைய ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர் அதுவே. கழகத்தின் தொழில்நுட்பக் கல்வி நிலையம் 1920களில் ஜாதவ்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1955இல் பல்கலைக்கழகம் ஆனது. துணி, சர்க்கரை, சோப்பு என ஒவ்வொரு பொருளிலும் அயல்நாட்டுச் சரக்கை மறுத்த அத்தலைமுறை, மிதிவண்டியை மறுக்கவில்லை. அன்று ஓடிய வண்டிகளுள் பெரும்பாலானவை பிரித்தானியத் தயாரிப்புகள். துணியை உள்ளூர்த் தறியில் நெய்துகொள்ள முடிந்தது; பற்சக்கரமும் சங்கிலியும் உருளைத் தாங்கியும் செய்யும் தொழிற்கூடம் அன்று இங்கு இல்லை. மேலும், அவ்வண்டி கைக்கு வந்த பின் பழுதுபார்ப்பது உள்ளூர்க் கொல்லரும் பட்டறைக்காரரும்தாம். வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்ட் தம் 2013ஆம் ஆண்டு நூலில் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை ‘அன்றாடத் தொழில்நுட்பம்’ என்னும் வகைக்குள் வைத்து ஆராய்கிறார். அயலில் பிறந்து, பயன்பாட்டால் உள்ளூர்ப் பொருளாகிவிட்டவை அவை. விடுதலைக்குப் பின் சென்-ராலே நிறுவனம் ஆசன்சோலில் தொழிற்சாலை அமைத்ததும், சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியதும் இக்கதையின் அடுத்த அத்தியாயம்.

3. பார்வை திரும்பிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் பயணத்தின் திசை மாறியது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் குழு ஒன்று புறப்பட்டது. அதில் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் 1928இல் உலகப் பயணத்தை முடித்துத் திரும்பினர். பிமல் முகர்ஜியின் குழு 1926இல் கிளம்பியது. 1931 ஜூலை 7ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார் ராம்நாத் பிஸ்வாஸ்.

பிஸ்வாஸ் 1894இல் சில்ஹெட் பகுதியின் பனியாசங் கிராமத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் படையில் பணியாற்றியவர். முதற்பயணத்தில் மலேயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான். இரண்டாவதில் ஆப்கானிஸ்தான் தொடங்கி மேற்காசியா, ஐரோப்பா. மூன்றாவதில் ஆப்பிரிக்கா, அமெரிக்கா எனச் சுற்றினார். வண்டியில் உலகம் சுற்றும் இந்துப் பயணி என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். அன்றைய அமெரிக்க வழக்கில் ‘இந்து’ என்பது சமயப் பெயரன்று. இந்தியர் எல்லாரையும் அவ்வாறே அழைத்தனர். பிற்காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களை வங்க மொழியில் எழுதினார். நாட்டுப் பிரிவினையில் அவருடைய ஊர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. உலகெங்கும் எல்லைகளைக் கடந்த மனிதர், இறுதிக் காலத்தைச் சொந்த ஊருக்கு வெளியே கல்கத்தாவில் கழித்து 1955இல் மறைந்தார்.

இவ்விரு வகை நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பது பயன் தரும். வொர்க்மன் தம்பதியர் சென்ற இடமெல்லாம் பேரரசின் ஏற்பாடுகள் அவர்களைத் தாங்கின. பயணியர் விடுதி, இரயில் நிலையக் காத்திருப்பு அறை, மாவட்ட அதிகாரி என யாவும் அவர்களுக்குத் திறந்திருந்தன. பிஸ்வாஸோ பிரித்தானியக் குடிமை ஆவணத்தை வைத்துக்கொண்டே பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் நிறத்தின் பேரால் தடுக்கப்பட்டவர். ஆப்பிரிக்காவைப் பற்றி அவர் எழுதும்போது உணவகக் கதவும் தங்கும் அறையும் அரசியல் செய்திகளாகிவிடுகின்றன. அவர் பயணத்தைத் தாங்கியவர்களுள் கடல் கடந்து வாழ்ந்த இந்திய வணிகரும் தொழிலாளரும் பலர். ஆகவே அவருடைய நூல்கள் நாடுகளைப் பற்றிய வருணனைகளாக இருப்பதோடு, புலம்பெயர்ந்த இந்தியரின் வரைபடமாகவும் பயன்படுகின்றன. தமிழ்ப் புலம்பெயர்வு ஆய்வாளர்கள் அவரை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து.

4. ஒரே நாள் மிதிப்பில் நான்கு பேரரசுகள்

ஜாதவ்பூரில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு நான் அடிக்கடிச் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஹௌராவிலிருந்து வடக்கே, ஹூக்ளியின் மேற்குக் கரையை ஒட்டிக் கிராண்ட் டிரங்க் சாலை செல்கிறது. ஸ்ரீராம்பூர், சந்தன்நகர், சின்சுரா, பண்டேல் என்னும் நான்கு ஊர்களும் இரயில் பாதைக் கணக்கில் முறையே 20, 33, 36, 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. டென்மார்க், பிரான்சு, ஹாலந்து, போர்ச்சுகல் என்னும் நான்கு நாட்டினரின் குடியேற்றங்கள் ஒருநாள் மிதிப்புக்குள் அடங்குகின்றன. ஏற்றமில்லாத வழி. ஆறு தன் வண்டலால் தானே எழுப்பிய கரைமேட்டில் ஊர்களும் சாலையும் அமைந்திருப்பதால், வெள்ளக் காலத்திலும் அவை ஓரளவு உயர்ந்து நின்றன. மேற்கே சரஸ்வதி ஆறு தூர்ந்து சப்தகிராமத் துறைமுகம் பதினாறாம் நூற்றாண்டில் நலிந்தபோது, வணிகம் இக்கரைக்கு மாறியது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இவ்வழியில் ஒவ்வோர் ஊரும் மற்றோர் ஊரை நினைவூட்டும். 1755இல் டேனியர் நிறுவிய ஸ்ரீராம்பூரும், 1620 முதல் அவர்கள் கையிலிருந்த தரங்கம்பாடியும் 1845ஆம் ஆண்டின் ஒரே உடன்படிக்கையில், பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. சமயப் பணியாளரைக் கம்பெனி தன் எல்லைக்குள் விரும்பாத நாள்களில் வில்லியம் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் ஸ்ரீராம்பூரில் டேனியக் கொடியின் கீழ் அச்சகம் நிறுவினர். சீகன்பால்கு 1706இல் வந்திறங்கித் தமிழ் அச்சுக்கு வழி செய்ததும் அதே கொடியின் கீழ், தரங்கம்பாடியில். 1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கையால் சின்சுரா கைமாறியபோது பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் உடன் கைமாறின. சந்தன்நகரில் பத்தாண்டுகள் பொறுப்பு வகித்த பிறகே துய்ப்ளே 1742இல் புதுச்சேரியின் ஆளுநரானார்.

ஜாதவ்பூரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். தேசியக் கல்விக் கழகம் 1906இல் தொடங்கிய வங்க தேசியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அரவிந்தர். 1910 பிப்ரவரியில் ஆங்கிலேயக் காவலர் கைக்கு எட்டாத சந்தன்நகருக்குள் அவர் நுழைந்தார்; ஏப்ரல் 4இல் புதுச்சேரியை அடைந்தார். ஒரு பிரெஞ்சு எல்லையிலிருந்து மற்றொரு பிரெஞ்சு எல்லைக்கு நகர்ந்த அப்பயணத்தின் முதற்பகுதி, மேற்சொன்ன ஆற்றுவழிதான்.

இவற்றையெல்லாம் நூலகத்தில் இருந்தபடியே அறியலாம். மிதிவண்டி எதற்கு என்று கேட்கலாம். விடை அவ்வூர்களுக்கு இடையிலுள்ள வெளியில் இருக்கிறது. 1854இல் ஹௌராவுக்கும் ஹூக்ளிக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் இவ்வூர்கள் தனித்தனி நிலையங்களாக மாறிவிட்டன. இரயிலில் செல்பவர் டேனியத் தேவாலயத்தைக் காண்பார். திரும்பவும் ஏறி, பிரெஞ்சு ஆற்றங்கரை நடைபாதையைக் காண்பார். மிதிவண்டியில் செல்பவர் இடைப்பட்ட ரிஷ்ராவையும் பத்ரேஸ்வரையும் கடக்காமல் போக முடியாது. 1855இல் இந்தியாவின் முதற்சணல் ஆலை தோன்றியது ரிஷ்ராவில். அங்கிருந்து இரு கரைகளிலும் ஆலைகள் பெருகின. பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தெலுங்கு மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். தெற்கிலிருந்து வந்த தெலுங்கரை ஆலைப் பதிவேடுகள் ‘மதராசிகள்’ என்று குறித்தன. ஐரோப்பியக் குடியேற்றங்களின் அழகிய ஆற்றங்கரையும் ஆலைத் தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்பு வரிசைகளும் ஒரே சாலையின் அடுத்தடுத்த கிலோமீட்டர்கள். சுற்றுலாக் கையேடு இவற்றைப் பிரித்துவிடுகிறது, சாலை பிரிப்பதில்லை.

பண்டேலைத் தாண்டினால் பான்ஸ்பேரியாவில் 1679ஆம் ஆண்டின் அனந்த வாசுதேவர் கோயிலும் 1814இல் நிறைவுற்ற ஹம்சேசுவரி கோயிலும் அருகருகே நிற்கின்றன. இன்னும் வடக்கே திரிவேணியில் ஜாஃபர் கான் காஜியின் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் வங்காளத்தின் மிகப் பழைய இஸ்லாமியக் கட்டடங்களுள் ஒன்று. ஐரோப்பியர் வருமுன்பே இக்கரைக்கு நீண்ட வரலாறு இருந்தது என்பதை நினைவிற்கொள்ள, அந்தக் கூடுதல் பத்துக் கிலோமீட்டர் உதவும்.

5. எழுதாமல் மிதித்தவர்கள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஸ்டீவன்ஸ், வொர்க்மன், முகர்ஜி, பிஸ்வாஸ் ஆகிய நால்வகையினருக்கும் பொதுவான ஒன்று உண்டு: அவர்கள் எழுதினார்கள். மிதிவண்டிப் பயண வரலாறு என்பது எழுதியவர்களின் வரலாறாகவே இதுவரை இருந்துவருகிறது. அதே சாலையில் ஆலைச் சங்குக்கு முன் வண்டியை மிதித்துச் சென்ற தொழிலாளர், படகுத்துறையில் வண்டியோடு ஏறி அக்கரைக்குப் போன தயிர்க்காரர், விடியுமுன் செய்தித்தாள் கட்டோடு செல்பவர் ஆகியோர் கடந்த தொலைவைக் கூட்டினால் உலகைப் பலமுறை சுற்றியிருப்பார்கள். அவர்கள் பயணத்துக்கு நூல் இல்லை. நூல் இல்லாததால் வரலாறும் இல்லை என்று ஆகிவிட்டது. வரலாறு இல்லாத பயன்பாட்டைத் தடைசெய்வது எளிது. 2013இல் 174 சாலைகளில் விதிக்கப்பட்ட தடைக்குச் சொல்லப்பட்ட காரணம், மிதிவண்டி போக்குவரத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்பது. அச்சாலைகளை அன்றாடம் யார், எதற்காகப் பயன்படுத்துகிறார் என்ற கேள்வி அங்கே முதன்மை பெறவில்லை.

முரண் இன்னும் ஆழமானது. 2015 முதல் மேற்கு வங்க அரசு ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு மிதிவண்டி வழங்கிவருகிறது. ஊரகத்தில் கல்விக்கான கருவி, மாநகரில் போக்குவரத்துக்கு இடையூறு. ஒரே பொருள், ஒரே மாநிலம். மாறுவது அதில் அமர்ந்திருப்பவர் செல்லும் இடம்.

தமிழ்நாட்டில் இதற்கு மாறான சான்று ஒன்று உள்ளது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றனர். கல்குவாரிப் பெண்களும் விவசாயத் தொழிலாளரும் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். குழந்தையை முன்னால் உள்ள கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினர். பி. சாய்நாத் அதைப் பதிவு செய்ததால் உலகுக்குத் தெரிந்தது. நூறாண்டுகளுக்கு முன் வொர்க்மன் அம்மையார் நீண்ட பாவாடையில் கோயில் நகரங்களைக் கடந்ததற்கும் இதற்கும் இடையில் உள்ள வேறுபாடு, யார் பயணத்தின் பொருளைத் தீர்மானிக்கிறார் என்பதில் இருக்கிறது. புதுக்கோட்டைப் பெண்கள் கோயில் காணச் செல்லவில்லை. தண்ணீருக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்றனர். பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திருக்கத் தேவையில்லாத நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. அதுவும் பயணந்தான்.

ஆகவே நம் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயண நூல்களைத் தள்ளிவிட வேண்டா. அவற்றோடு வேறு சான்றுகளையும் தேடுங்கள். ஊராட்சிகளும் நகராட்சிகளும் மிதிவண்டிக்கு வரி வாங்கித் தகர வில்லை கொடுத்த காலம் இருந்தது. அந்த வசூல் பதிவேடுகள், எந்த ஊரில் எந்த ஆண்டில் எத்தனை வண்டி என்பதைச் சொல்லும். விளக்கில்லாமல் ஓட்டியதற்கும் இருவராகச் சென்றதற்கும் போடப்பட்ட அபராதங்கள் காவல்துறைக் குறிப்புகளில் இருக்கும். ஆலைகளின் வண்டி நிறுத்துமிட ரசீதுகள், படகுத்துறைக் கட்டணப் பட்டியல்கள், வண்டி வாங்கத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற கடன் கணக்குகள் ஆகியனவும் ஆவணங்களே.

இவை எல்லாவற்றிலும் அரியது வாடகை சைக்கிள் கடையின் நோட்டுப் புத்தகம். வண்டி எண், எடுத்தவர் பெயர், தெரு, எடுத்த நேரம், விட்ட நேரம், கொடுத்த காசு என்று ஒவ்வொரு வரியும் ஒரு பயணத்தின் பதிவு. ஒரு தலைமுறைக்கு முன்வரை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய கடைகள் பரவலாக இருந்தன. கடைகள் மூடப்பட்டுவிட்டன; நோட்டுகள் பழைய தாள்களோடு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படிக் கடை நடத்தியவர் யாரேனும் இருந்தால், சென்று பேசுங்கள். நோட்டு எஞ்சியிருந்தால் அதன் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். பத்தாண்டு கழித்து இந்த வேலையைச் செய்ய நோட்டும் இராது, நினைவுகூர ஆளும் இராது.